பதறும் சுபாவமும் பதற்ற நோயும்

கேள்வி: எதற்கெடுத்தாலும் பதறும் சுபாவம்தான் பதற்ற நோயா?
– வாசகர், மணிமங்கலம்

பதில்: சுபாவம் வேறு, நோய் வேறு. எளிதில் கவலையும் எரிச்சலும் கொள்ளும் இயல்பை ஆளுமையின் அடிப்படைப் பரிமாணங்களில் ஒன்றாக 1947-இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் விளக்கினார். எல்லோரிடமும் அது கூடவோ குறையவோ உண்டு. அதில் மரபுக்கும் பங்குண்டு. மிகுதியாக உள்ளவர்களுக்குப் பதற்ற நோய் வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் வந்தே தீரும் என்பதில்லை. உங்கள் ஊர்ப் பக்கமுள்ள ஒரகடம் ஆலைகளின் இரவு ஷிஃப்டும் நிரந்தரமில்லாத ஒப்பந்த வேலையும் தூக்கத்தைப் பறிக்கும்போது, அந்த இயல்பு நோயாக முற்றலாம். கட்டுக்கடங்காத கவலை 6 மாதம் பெரும்பாலான நாட்களில் நீடித்து, உறக்கமும் வேலையும் கெட்டால் சிகிச்சை அவசியம். ‘தைரியமாக இரு’ என்ற அறிவுரை இதற்கு மருந்தாகாது. முறையான உளவியல் சிகிச்சை நோயைத் தணிக்கும். சுபாவத்தையும் ஓரளவு தளர்த்தும். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.