உழவு யந்திரம் விற்பவருக்கு உரிய தகுதிகள்

வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரங்களில் ஏரிப் பாசனமே உழவுத் தொழிலின் உயிர்நாடியாக இருந்து வருகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒரு பட்டத்தின் அறுவடைக்கும் அடுத்த பட்டத்தின் நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் சிலவே. ஆட்களும் உழவு மாடுகளும் குறைந்துவிட்ட இக்காலத்தில், அந்நாட்களுக்குள் வேலையை முடிக்க யந்திரத்தின் துணை இன்றியமையாதது. ஆனால் யந்திரம் ஊருக்குள் வருவது பெரும்பாலும் விற்பனையாளரின் வாய்மொழி வழியாகவே. அவர் நல்லவராக வாய்த்தால் நிலம் செழிக்கும். இல்லையேல் கடனே செழிக்கும். ஆகவே, நல்ல விற்பனையாளரை அறியும் வகையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தெரிந்திருத்தல் நலம்.

தகுதி பார்ப்பது நம் வட்டாரத்திற்குப் புதியதன்று. உத்திரமேரூரிலுள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் அமர்வோருக்கு வேண்டிய தகுதிகளை வகுத்துரைக்கின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலையில் இடமில்லை. ஏரியை ஒப்படைக்க இத்துணை ஆராய்ந்த மண்ணில், நிலத்தையே ஈடு வைத்து வாங்கும் யந்திரத்துக்கு ஆராய்ச்சி வேண்டாமா?

1. நிலத்தை அறிதல்

நல்ல விற்பனையாளர் முதலில் கேட்பவர்; பின்னரே சொல்பவர். எத்தனை ஏக்கர், எவ்வகை மண், வயலுக்குச் செல்ல வண்டிப் பாதை உண்டா, டிராக்டரின் குதிரைத் திறன் எவ்வளவு என்றெல்லாம் வினவுவார். ஏரியை அடுத்த சேற்று வயலில் டயர் பூட்டிய அறுவடை யந்திரம் புதைந்துவிடும்; அங்கே பெல்ட் பூட்டிய யந்திரமே ஏற்றது. சிறிய டிராக்டரில் அகலமான ரோட்டவேட்டரைப் பூட்டினால் எஞ்சின் திணறும், எரிபொருளும் வீணாகும். பம்ப் செட் விற்பவர் கிணற்றின் ஆழத்தையும் நீரூற்றையும் கேளாமல் பெரிய மோட்டாரைப் பரிந்துரைத்தால், அவரை ஐயுற வேண்டும். கிணற்றில் ஊறும் நீருக்கு மேல் எந்த மோட்டாரும் இறைத்துவிட முடியாது.

2. கணக்கை விளக்குதல்

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு கருவியின் விலை ரூ.1,20,000, அதன் ஆயுள் 8 ஆண்டு எனக் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் ரூ.15,000. சராசரி முதலான ரூ.60,000க்கு நூற்றுக்குப் பத்து வட்டி ரூ.6,000. ஆக, கருவி கொட்டகையில் நின்றாலும் ஆண்டுச் செலவு ரூ.21,000. ஐந்து ஏக்கர் உடையவர் மூன்று பட்டத்திலும், பட்டத்துக்கு இருமுறை, ஏக்கருக்கு ஒரு மணி வீதம் ஓட்டினால் ஆண்டுக்கு 30 மணி நேரம், மணிக்கு ரூ.700 ஆகிறது. பத்துப் பேர் சேர்ந்து 300 மணி ஓட்டினால் மணிக்கு ரூ.70 மட்டுமே. எரிபொருளும் பழுதுச் செலவும் இதற்குப் புறம்பு.

2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆதலால், “உமக்கு இது வேண்டாம், வாடகைக்கு எடுத்தால் போதும்” என்று சொல்லத் துணியும் விற்பனையாளரே உழவரின் உண்மை நண்பர். அன்று ஒரு விற்பனையை இழப்பார்; ஊரின் நம்பிக்கையைப் பெறுவார்.

3. வயலில் காட்டி, எழுத்தில் தருதல்

அமெரிக்காவில் சைரஸ் மக்கார்மிக் என்பவர் 1834இல் அறுவடை யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1847இல் சிகாகோ நகரில் தொழிற்சாலை நிறுவினார். அவர் வெற்றி பெற்றது யந்திரத்தின் திறத்தால் மட்டுமன்று. வயலில் ஓட்டிக் காட்டுதல், யாவர்க்கும் ஒரே விலை, எழுத்து மூலமான உறுதி, தவணை வசதி ஆகியவற்றைக் கைக்கொண்டமையே உழவர்களை அவர்பால் ஈர்த்தது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னி நிலையம் டிராக்டர் முதலியவற்றைச் சோதித்து அறிக்கை அளிக்கிறது. சோதனை அறிக்கையைத் தாமே எடுத்துக் காட்டுபவர் நல்ல விற்பனையாளர். உறுதிமொழிகளை அவர் ரசீதுடன் எழுதித் தருவார்.

4. விற்ற பின்னும் வருதல்

அறுவடை நாளில் யந்திரம் நின்றால், முற்றிய கதிர் காத்திராது. ஒரு மழை போதும், நெல் சாய்ந்து முளைத்துவிடும். உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், மெக்கானிக் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை வாங்குமுன்பே கேட்டறிக. பி.டி.ஓ. தண்டின் மேல்மூடியைக் கழற்றலாகாது, சுழலும் கருவியருகே தொங்கும் வேட்டியும் துண்டும் ஆகா, வரப்பேறும்போது டிராக்டர் கவிழக்கூடும் என்பனவற்றை ஓட்டுநருக்குப் பயிற்றுவிப்பதும் விற்பனையாளரின் கடமையே. ஒரு மணி நேரப் பயிற்சி ஓர் உயிரைக் காக்கும்.

5. மானியத்தை மறைக்காமை

2014-15இல் தொடங்கிய மத்திய வேளாண் யந்திரமயமாக்கல் திட்டத்தில், பொதுவாக நூற்றுக்கு 40 பங்கும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு 50 பங்கும், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் வகுக்கப்பட்டது. மானியத்தைக் காட்டி விலையை ஏற்றுவோரும் உண்டு. எனவே, மானியமில்லாத விலையையும் கேட்டு ஒப்பிடுக. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் விசாரித்தறிக.

ஊராட்சியின் பங்கு

கிராம சபை கூடும் நாளில் இப்பொருளையும் பேசலாம். யந்திரம் விற்க வருபவரை ஊர்ப் பொதுவில் ஒரு வயலில் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். முன்பு வாங்கியவர்களின் அனுபவத்தை அனைவரும் கேட்கச் செய்யலாம். சிறு விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து வாங்கவும், துறையின் வாடகை யந்திரங்களைப் பயன்படுத்தவும் வழிகாட்டலாம்.

விற்பவர் ஒரு நாள் பேசிச் செல்வார். தவணையோ பல ஆண்டு தொடரும். ஆகவே, கையெழுத்திடுமுன் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்டாதவருக்குக் குடவோலையில் இடமில்லை என்று விதித்த ஊர், நம் பக்கத்து ஊர்தான்.