நிற்கப்போகும் மரத்தைப் பார்த்து வெட்டுங்கள்

பட்டா நிலத்தில் தேக்கும் சவுக்கும் மலைவேம்பும் வளர்ப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள். எப்படி நடுவது என்று சொல்லித்தர ஆள் உண்டு. வெட்டும்போதோ வியாபாரி சொன்னதுதான் முடிவு. தோப்பின் எதிர்காலம் தீர்மானமாவது அந்தச் சில நாட்களில்தான். ஆகவே, மரம் வெட்டுவது பற்றி ஊரில் புழங்கும் நம்பிக்கைகள் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: மரத்தை வெட்டினாலே இயற்கை அழியும்.

உண்மை: காடுகளைச் சூழலுக்காகக் காக்க வேண்டும், ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கிக்கொள்ள வேண்டும் என்றது 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை. இன்று இந்தியாவில் விளையும் வெட்டுமரத்தில் பெரும்பகுதி காட்டுக்கு வெளியிலிருந்தே கிடைக்கிறது. தோப்பில் அளவாக வெட்டி மறுபடி வளர்த்தால் காட்டின் மீதுள்ள சுமை குறையும்.

நம்பிக்கை: என் நிலம், என் மரம், யாரைக் கேட்க வேண்டும்?

உண்மை: நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் சொந்த மரத்தை வெட்டவும் 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். சந்தனம் 2002 முதல் நில உரிமையாளருக்கே சொந்தம் என்றாலும், வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். மற்ற மரங்களுக்கும், வண்டியில் ஏற்றும் முன் வனச்சரக அலுவலகத்தில் விதிகளைக் கேட்டுவிடுங்கள்.

நம்பிக்கை: பெருத்த மரத்தை வெட்டினால் சின்னது தானாகப் பெருக்கும்.

உண்மை: இந்த நம்பிக்கைதான் தோப்பை அதிகம் கெடுக்கிறது. ஒரே வயதுத் தோப்பில் சின்ன மரம் என்பது பெரும்பாலும் பின்தங்கிப்போன மரம். வெளிச்சம் கிடைத்த பிறகும் அது பெரிதாகத் தேறாது. நல்லதை மட்டும் பொறுக்கி வெட்டினால் கோணலும் நோயும் மிஞ்சும், விதையும் அவற்றிலிருந்தே விழும். தேக்கை 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 1,000 கன்றுகள். அத்தனையும் பெருக்க இடம் கிடையாது. முதல் பத்தாண்டுகளில் இரண்டு முறையாவது நெருக்கத்தைக் கலைக்க வேண்டும். வளைந்ததும் நோயுற்றதும் ஒடுங்கியதும் முதலில் போகட்டும். நேரான மரங்கள் நின்று பருக்கட்டும். அவற்றை வெட்ட அவசரம் வேண்டாம்: இளந்தேக்கில் வெள்ளைக் கட்டைதான் அதிகம். வைரம் பாய வயது வேண்டும்.

நம்பிக்கை: வெட்டுவதுதான் சேதம், இழுத்துப் போவதில் என்ன வந்துவிடும்?

உண்மை: பெரிய சேதம் இழுக்கும்போதுதான் நடக்கிறது. ஈர மண்ணில் டிராக்டர் முதல் சில தடவை ஓடுவதிலேயே மண் இறுகிவிடும். பிறகு நீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுத் திணறும், சரிவில் சக்கரத் தடமே ஓடையாகிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காய்ந்த பிறகு, தை பிறந்ததும் வேலையைத் தொடங்குங்கள். வண்டிக்கு ஒரே தடத்தைக் குறித்து, தோப்பு முழுக்கச் சுற்றவிடாதீர்கள். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை அந்தத் தடத்தை ஒட்டி முன்பே முடிவு செய்யுங்கள். கட்டையை விழுந்த இடத்திலேயே அளவாக அறுத்துவிட்டால், இழுக்கும்போது நிற்கும் மரங்களின் பட்டை உரியாது. உரிந்த இடத்தில் பூஞ்சை புகுந்தால் அடிமரமே சொத்தையாகும்.

நம்பிக்கை: கிளையும் தழையும் குப்பை, கொளுத்தினால் சுத்தம்.

உண்மை: அடிமரத்தைவிட இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும்தான் சத்து செறிந்திருக்கிறது. எரித்தால் தழைச்சத்து புகையாகப் போய்விடும். நறுக்கிப் பரப்பினால் ஈரம் காத்து, மக்கி, உரமாகும். தீப்பரவலைத் தடுக்க, வேலியோரத்திலும் பாதையோரத்திலும் மட்டும் அகற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: வெட்டிய இடம் மொட்டைதான்.

உண்மை: தேக்கும் வேம்பும் அடிக்கட்டையிலிருந்தே துளிர்க்கும். தரையை ஒட்டி, தண்ணீர் தேங்காதபடி சற்றுச் சரிவாக, பட்டை கிழியாமல் அறுத்து, வலுவான ஒரு துளிரை மட்டும் விட்டால், பழைய வேரின் பலத்தில் அது விரைந்து எழும். சவுக்கைப் பெரும்பாலும் மறுபடி நடத்தான் வேண்டும். ஆனால் அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருபவை.

தோப்பை மொத்தமாகக் குத்துவிலைக்குப் பேசிவிட்டால், எதை விடுவது என்று முடிவு செய்வது வியாபாரியின் லாபக் கணக்கே. விலை பேசும் முன் நீங்களே உள்ளே நடந்து, நிற்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் இடுங்கள். வெட்டும் மரங்களின் எண்ணிக்கை, வண்டித் தடம், நிற்கும் மரம் சேதமானால் தரவேண்டிய இழப்பீடு, மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணத்தை அதற்குப் பிறகு தொடுங்கள்.