சேமிப்பக வலையில் சுவிட்சுகளை அமைக்கும் முறை

பல சர்வர்கள் தம் தரவுகளைப் பொதுவான சேமிப்புக் கருவிகளில் வைத்து, சுவிட்சுகளின் வழியே அவற்றை அடையுமாறு அமைப்பது சேமிப்பக வலை எனப்படும். இதற்குப் பெரிதும் பயன்படும் ஃபைபர் சானல் முறை 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தரமாக ஏற்கப்பட்டது. அலுவலக வலையில் ஒரு செய்தி தடைப்பட்டால் மீண்டும் அனுப்பிக்கொள்ளலாம். இவ்வலை நின்றாலோ, இயங்கிக்கொண்டிருக்கும் சர்வர் தன் வட்டையே இழந்ததற்கு ஒப்பாகும். எழுதப்பட்டுக்கொண்டிருந்த தரவுகளும் பழுதுறக் கூடும்.

சுவிட்சுகளை வரிசையாகத் தொடுப்பது எளிது; ஆயின் நடுவில் ஒன்று பழுதுற்றால் வலை இரண்டாகப் பிரியும். வளையமாக்கினால் ஓரிடத்து முறிவைத் தாங்கும். ஒவ்வொன்றையும் மற்றெல்லாவற்றோடும் பிணைத்தால் நான்கு சுவிட்சுகளுக்கு 6 இணைப்புகளும், எட்டுக்கு 28 இணைப்புகளும் வேண்டும். (மாணவர்களைக் கரும்பலகையில் புள்ளியிட்டு வரைந்து எண்ணச் செய்யலாம்.) எட்டில் இரண்டை மையமாகவும் ஆறனை ஓரத்திலும் வைத்து, ஓரத்திலுள்ள ஒவ்வொன்றையும் இரு மையங்களோடும் இணைத்தால் 12 இணைப்புகளே போதும். பெரிய வலைகளுக்கு இம்முறையே தக்கது.

எனினும், இவையனைத்தும் ஒரே பின்னலுக்குள் செய்யும் ஏற்பாடுகளே. ஒரு பின்னலைச் சேர்ந்த சுவிட்சுகள், எந்தச் சர்வர் எந்தச் சேமிப்பைக் காணலாம் என்னும் பகுப்பு அட்டவணையைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒருவர் செய்யும் பிழை நொடியில் எல்லாச் சுவிட்சுகளுக்கும் பரவும். இணைப்புகள் எத்தனை இருந்தும் பயனில்லை. ஆகவே 'அ', 'ஆ' என இரு பின்னல்களை அமைத்து, அவற்றிடையே ஒரு கம்பியும் செல்லாதவாறு காத்தல் வேண்டும். ஒவ்வொரு சர்வரிலும் இரண்டு இணைப்பு அட்டைகள் பொருத்தி, ஒன்றை 'அ'விலும் மற்றதை 'ஆ'விலும் சேர்க்க வேண்டும். சேமிப்புக் கருவியின் இரு கட்டுப்பாட்டகங்களும் இரு பின்னல்களையும் தொட வேண்டும். அட்டவணையை மாற்றும்போது முதலில் 'அ'வில் மாற்றி, சர்வர்கள் செவ்வனே இயங்குவதைக் கண்ட பின்னரே 'ஆ'வைத் தொடலாம். இரண்டிற்கும் ஒரே மின்பலகையிலிருந்து மின்சாரம் தந்தால் செலவு ஒன்றே இரட்டிக்கும்.

பளுவையும் கணக்கிட வேண்டும். ஓரச் சுவிட்சு ஒன்றில் 16 கிகாபிட் வேகமுள்ள 24 சர்வர்கள் உள்ளன எனக் கொள்வோம்; மொத்தம் 384. மையங்களுக்குச் செல்லும் 32 கிகாபிட் இணைப்புகள் நான்கும் சேர்ந்து 128. விகிதம் 3:1. ஓர் இணைப்பு அற்றால் 4:1 ஆகும். எல்லாச் சர்வர்களும் ஒரே வேளையில் முழு வேகத்தைக் கேட்பதில்லையாதலின் இது பெரும்பாலும் தாங்கத்தக்கதே. ஆனால் 'அ'வும் 'ஆ'வும் தத்தம் திறனில் நூற்றுக்கு 70 பங்கு சுமந்துகொண்டிருந்தால், ஒன்று நின்றபோது மற்றது 140 பங்கைச் சுமக்க இயலாது. ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே இருத்தல் வேண்டும்.

களப்பணியாளர் வலையைப் பயன்பாட்டிற்கு விடுமுன், 'அ' முழுவதையும் நிறுத்தி, ஒவ்வொரு சர்வரும் 'ஆ' வழியே தொடர்ந்து எழுதுகிறதா எனக் காண வேண்டும். பின்னர் மாற்றிச் செய்ய வேண்டும். இரு கம்பிகளும் ஒரே பின்னலில் செருகப்பட்ட சர்வரும், பல்வழி மென்பொருள் நிறுவப்படாத சர்வரும் சாதாரண நாட்களில் குறையின்றியே இயங்கும், இச்சோதனையில்தான் அகப்படும்.