குருதி சிந்தாத காயம்

1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், வங்காளதேசத்தின் தலைநகரான டாக்காவில் கழகங்களுக்கிடையிலான கிரிக்கெட் போட்டி ஒன்று நடைபெற்றது. இந்திய அணிக்காக முன்னர் விளையாடிய இராமன் லாம்பா அங்கே ஒரு கழகத்திற்காக ஆடிக்கொண்டிருந்தார். மட்டையாளருக்கு மிக அருகில் நின்று பந்தைப் பிடிக்கும் இடத்திற்கு அவரை அணித்தலைவர் அழைத்தார். தலைக்கவசம் வேண்டுமா என்றும் வினவினார். அந்த ஓவரில் மூன்று பந்துகளே எஞ்சியிருந்தமையால் லாம்பா வேண்டா என மறுத்துவிட்டார்.

மட்டையாளர் விசையுடன் அடித்த பந்து லாம்பாவின் தலையில் மோதித் தெறித்தது. கீழே விழுந்த அவர் தாமே எழுந்தார். ஓய்வறைக்கு நடந்தே சென்றார். சிறிது நேரத்தில் அவருக்கு நினைவு தப்பியது. மூளையில் குருதிக்கசிவு ஏற்பட்டிருந்தது. அறுவை மருத்துவம் செய்தும் பயனின்றி, பிப்ரவரி 23ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 38.

எழுந்து நடந்தவர் எவ்வாறு இறந்தார்? மூளை ஏறத்தாழ 1.4 கிலோகிராம் எடையுள்ள மென்மையான உறுப்பு. மண்டையோடு என்னும் பேழைக்குள் நீர்மம் சூழ அது மிதக்கிறது. தலை திடீரென அதிரும்போது மூளை அப்பேழையின் உட்சுவரில் மோதும். சில வேளைகளில் உள்ளிருக்கும் குருதிக்குழாய் கிழிந்து, குருதி சிறிது சிறிதாகக் கசியும். தொடக்கத்தில் அடிபட்டவர் பேசுவார், சிரிப்பார், தண்ணீர் கேட்பார். ஆனால், மண்டையோடு விரிந்துகொடுக்காது. எனவே, தேங்கும் குருதி மூளையை அழுத்தத் தொடங்கும். அந்த இடைவெளியில் மருத்துவமனையை அடைந்தால், தேங்கிய குருதியை மருத்துவர்கள் அகற்ற இயலும். ‘ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது’ என்று வீட்டிற்கு அனுப்பிவிட்டால் அப்பொழுது வீணே கழிந்துவிடும்.

குருதிக்கசிவு இல்லாத மூளை அதிர்ச்சியும் உண்டு. அதன் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். 2019ஆம் ஆண்டு இலண்டன் இலார்ட்ஸ் திடலில் ஆஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பந்து தாக்கியது. சோதனைக்குப் பின் அவர் மீண்டும் வந்து ஆடினார். மறுநாளே தலைவலியும் சோர்வும் வெளிப்பட்டன. அவருக்கு மாற்றாக மார்னஸ் லபுஷேன் களமிறங்கினார். மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரரை ஏற்கும் விதி அவ்வாண்டுதான் டெஸ்ட் போட்டிகளில் நடைமுறைக்கு வந்திருந்தது. அடிபட்டும் ஆடுகின்றவரைக் கைதட்டிப் போற்றுவது விளையாட்டுத் திடல்களின் பழைய வழக்கம். மருத்துவர்கள் அதனை ஏற்பதில்லை.

தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பவியலாத உறக்கம், பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, வலிப்பு, கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் காலம் தாழ்த்தாமல் 108 அல்லது 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்பதால் அடிபட்டவரைத் தூக்கி அமர்த்துதல் கூடாது. அறிகுறி ஏதும் இல்லையெனினும் அன்று அவர் மீண்டும் விளையாடலாகாது. ஒருநாள் முழுவதும் ஒருவர் உடனிருந்து கவனித்தல் நன்று.

சொற்பொருள்
குருதி – இரத்தம்; விசை – வேகம்; பேழை – பெட்டி; நீர்மம் – திரவம்

வினாக்கள்
1. இராமன் லாம்பா தலைக்கவசத்தை மறுத்தமைக்குக் காரணம் யாது?
2. மண்டையோடு விரிந்துகொடுக்காமையால் நேரும் தீங்கு யாது?
3. விளையாடுகையில் தலையில் அடிபட்ட உன் நண்பன், ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கூறி மீண்டும் ஆட வருகிறான். அவனுக்கும் உனக்கும் இடையே நிகழும் உரையாடலை எட்டு வரிகளில் எழுதுக.