மூழ்கும் மிதவை

வீட்டுக் கழிவறையில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் உயர உயர மிதவையும் உயர்ந்து, ஒரு கட்டத்தில் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடும். மிதவையில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் நில்லாமல் ஓடும். மாதக் கடைசியில் தண்ணீர்க் கட்டணம் கூடும். இதே போன்ற மிதவை சிறிய விமானங்களின் இயந்திரத்திலும் இருக்கிறது. அது பழுதானால் இழப்பு கட்டணத்தோடு நிற்காது.

நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இதுவரை 40,000க்கும் மேற்பட்ட செஸ்னா 172 விமானங்கள் தயாரிக்கப்பட்டுள்ளன. விமானிகள் பலர் பறக்கக் கற்றுக்கொண்டதே இதில்தான். 1980களின் நடுப்பகுதிவரை வெளிவந்த விமானங்களில் பெரும்பாலானவை கார்புரேட்டர் பொருத்தப்பட்டவை. அவற்றுள் பல இன்றும் பறக்கின்றன.

காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலப்பதே கார்புரேட்டரின் வேலை. அதன் அடிக்கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். அதில் மிதவை மிதக்கும். பெட்ரோல் குறைந்தால் மிதவை இறங்கும். அதனோடு இணைந்த ஊசி வால்வு திறந்து பெட்ரோலை உள்ளே விடும். பெட்ரோல் போதிய அளவு நிறைந்ததும் மிதவை உயர்ந்து வால்வை மூடிவிடும்.

முற்காலத்து மிதவைகள் பித்தளைத் தகட்டால் ஆனவை. இயந்திரத்தின் ஓயாத அதிர்வால் அவற்றின் பற்றவைத்த விளிம்புகளில் மெல்லிய விரிசல் விழும். பிறகு வந்த உள்ளீடற்ற வெள்ளைப் பிளாஸ்டிக் மிதவைகளிலும் பெட்ரோல் புகுந்தது. இப்போது, உள்ளே வெற்றிடமே இல்லாத நீல நிற எப்பாக்சி மிதவைகள் கிடைக்கின்றன. மிதவைக்குள் பெட்ரோல் புகுந்தால் அது கனத்து மூழ்கும். வால்வு திறந்தே கிடக்கும். கிண்ணம் நிரம்பி வழியும்.

இந்தப் பழுது எளிதில் அகப்படாது. இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது கூடுதல் பெட்ரோல் அவ்வளவாகத் தெரியாது. தரையிறங்குவதற்காக விமானி வேகத்தைக் குறைக்கும்போதுதான் இயந்திரம் திணறும், கரும்புகை வரும். ஓடுபாதைக்குச் சற்று முன்னால், தாழ்வான உயரத்தில், இயந்திரம் நின்றுபோனால் விமானிக்கு யோசிக்கக்கூட நேரமிருக்காது.

தரையிலும் ஓர் அடையாளம் உண்டு. சிறிய விமானங்களுக்கான பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருக்கும். ஆகவே, கசிந்த இடத்தில் நீலக்கறை படியும். செஸ்னாவின் பெட்ரோல் தொட்டிகள் இறக்கையில் இருப்பதால், நிறுத்தி வைத்த பிறகும் பெட்ரோல் தானாகவே கீழிறங்கிச் சொட்டும். அருகில் ஒரு தீப்பொறி போதும், விமானம் பற்றி எரிய.

சிலர் கரி படிந்த ஸ்பார்க் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். சில நாள்களில் அதே கரி மீண்டும் படியும். கரி எங்கிருந்து வந்தது என்று கேட்பவரே கார்புரேட்டரைக் கழற்றுவார்.

கழற்றும் உரிமை தகுதிபெற்ற பொறியாளருக்கே உண்டு. முதலில் பெட்ரோல் வரும் வழியை மூடி, கிண்ணத்தில் உள்ளதை வடிப்பார். பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குவார். உள்ளே பெட்ரோல் இருந்தால் சலசலக்கும். ஐயம் தீராவிட்டால் வெந்நீரில் அமிழ்த்துவார். விரிசல் இருந்தால் குமிழிகள் கிளம்பும். அதை மீண்டும் பற்றவைத்துப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். பற்றவைத்த ஈயம் மிதவையின் எடையைக் கூட்டும். கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறிவிடும். அதனால் புதியதையே பொருத்துவார்.

பொருத்தும்போது மிதவையின் உயரத்தைக் கையேட்டில் உள்ளபடி அளப்பார். கிண்ணத்தின் சுவரில் அது உரசுகிறதா என்றும் பார்ப்பார். உரசினால் புதிய மிதவையும் சிக்கிக்கொள்ளும். ஊசி வால்வைச் சோதித்து, கேஸ்கெட்டைப் புதிதாக வைத்து மூடுவார். பிறகு இயந்திரத்தை ஓட்டி நிறுத்தி, செய்த வேலையைப் பராமரிப்பு ஏட்டில் எழுதிக் கையொப்பமிடுவார். மறுநாள் காலையில், நீலக்கறை புதிதாகப் படிந்திருக்கிறதா என்று விமானத்தின் அடியில் குனிந்து பார்ப்பார்.