மரமும் மூச்சு விடும்



"தாவரங்கள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன" என்று விடைத்தாளில் எழுதுவோர் பலர். அது பிழை. தாவரம் இரவும் பகலும் சுவாசிக்கிறது.

புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது தொல்காப்பிய மரபியல். உயிருக்கு ஆற்றல் வேண்டும். செல்கள் உணவிலுள்ள ஆற்றலைப் பிராணவாயுவின் துணையால் வெளிப்படுத்துகின்றன. அப்போது கரியமிலவாயுவும் நீரும் உண்டாகின்றன. இதுவே சுவாசித்தல்.

ஒளிச்சேர்க்கை வேறு. பச்சையமுள்ள பகுதிகள் சூரிய ஒளியில் கரியமிலவாயுவையும் நீரையும் கொண்டு உணவு தயாரிக்கின்றன; பிராணவாயு வெளியாகிறது. பகலில் இவ்வாறு வெளியாவது, சுவாசத்திற்குச் செலவாவதைவிட மிகுதி. ஆகவே சுவாசம் நம் கருத்துக்குப் புலப்படுவதில்லை. நூறு ரூபாய் வரவும் பத்து ரூபாய் செலவும் உள்ள இல்லத்தில் தொண்ணூறு மிஞ்சுகிறது. அதனால் செலவே இல்லை எனலாமா?

வேரை நோக்குங்கள். அதற்குப் பச்சையமும் இல்லை, ஒளியும் இல்லை. மண் துகள்களின் இடையேயுள்ள காற்றையே அது சுவாசிக்கிறது. தொட்டிச் செடிக்கு நீரை ஓயாது ஊற்றினால், காற்றின் இடத்தை நீர் நிரப்பிவிடும். வேர் அழுகிச் செடி மடியும். நெற்பயிர் மட்டும் தேங்கிய நீரில் எவ்வாறு வாழ்கிறது? அதன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள், மேலிருந்து காற்றை வேர்வரை கொண்டு செல்கின்றன.

நம் பெண்ணாடத்தை அடுத்து ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையருகே கடலில் கலக்கிறது. அம்முகத்துவாரத்திற்கும் கொள்ளிட முகத்துவாரத்திற்கும் இடையே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு உள்ளது. அங்குள்ள சேற்றில் காற்று மிகக் குறைவு. ஆதலின் வெண்கண்டல் மரத்தின் வேர்கள் சேற்றுக்கு மேலே பென்சில் முனைகள்போல் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று உட்புகும். இவையே சுவாச வேர்கள். சிதம்பரம் செல்வோர் படகிலிருந்து இவற்றைக் கண்டு வரலாம்.

செய்து பாருங்கள்

1. வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலுள்ள தெளிநீரைப் பெரியோர் துணையுடன் இரு சிறு கிண்ணங்களில் எடுங்கள். கண்ணில் படலாகாது.

2. ஒரே அளவான இரண்டு அகன்ற கண்ணாடிப் புட்டிகளில் கிண்ணத்தை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்றில் மட்டும் கிண்ணத்தைச் சுற்றி முளைவிட்ட பச்சைப்பயறு இடுங்கள். இரண்டையும் இறுக மூடுங்கள்.

3. மறுநாள் பாருங்கள். பயறு உள்ள புட்டியின் தெளிநீர் நன்கு பால்போல் வெளுத்திருக்கும். முளைகள் விட்ட கரியமிலவாயுவே காரணம்.

சோதனை முடிந்ததும் முளைகளை எறிந்துவிடாது மண்ணில் ஊன்றுங்கள். அவையும் மூச்சு விடும் உயிர்கள் என்பதை இப்போது நீங்களே கண்டீர்கள் அல்லவா?

வினாக்கள்

1. இரண்டாவது புட்டியில் பயறு இடாதது ஏன்?
2. பகலில் தாவரத்தின் சுவாசம் புலப்படாதது ஏன்?
3. மழைநீர் பல நாள் தேங்கினால் தோட்டச் செடிகள் வாடுவது ஏன்?

பெற்றோர்களே, விடைகளை நீங்கள் சொல்லிவிடாமல், பிள்ளைகள் தம் சொற்களில் எழுதுமாறு செய்யுங்கள்.