பழைய முந்திரி மரமும் பழச்சாறும்

விருத்தாசலம் பகுதியில் பங்குனி, சித்திரையில் கொட்டையைத் திருகி எடுத்தபின் முந்திரிப்பழம் மரத்தடியிலேயே அழுகுகிறது. கொட்டையைவிடப் பல மடங்கு எடையுள்ள இப்பழத்தில் வைட்டமின் 'சி' ஆரஞ்சைவிட மிகுதி. தொண்டையைக் கமறச் செய்யும் துவர்ப்பே தடை. அதற்குக் காரணம் டானின்.

துவர்ப்பு நீக்கும் முறை:

1. அன்று விழுந்த, அடிபடாத பழங்களைக் கழுவிப் பிழியவும். இரும்புப் பாத்திரம் ஆகாது, சாறு கறுக்கும். பீங்கான் ஜாடியே நன்று.

2. லிட்டர் சாற்றுக்கு 5 கிராம் ஜவ்வரிசித் தூளைச் சிறிது நீரில் கூழாகக் காய்ச்சி, ஆறியபின் கலக்கவும்.

3. குளிர்ந்த இடத்தில் 12 மணி நேரம் அசைக்காமல் வைத்தால் டானின் அடியில் படியும். தெளிவை இறுத்துக் கொதிக்கவைத்து, சர்க்கரை சேர்த்து அன்றே பருகவும், வைத்திருந்தால் புளிக்கும்.

மரத் தேர்வு:

விதையால் வளர்ந்த மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். 2011ஆம் ஆண்டு தானே புயலுக்குத் தப்பிய மரங்களில் சாறு மிகுந்து, துவர்ப்புக் குறைந்தவற்றுக்குப் பழக் காலத்திலேயே சுண்ணாம்புக் குறியிடுங்கள். அவற்றின் கொட்டையை விதைத்தால் குணம் மாறும். குச்சி எடுத்து இளந்தண்டு ஒட்டுக் கட்டினால்தான் தாய்மரத்தின் குணம் நிற்கும். கொட்டை மகசூலுக்கு வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்களை நடலாம். ஆனால், குறியிட்ட மரத்தை ஒட்டு எடுக்காமல் வெட்டாதீர்கள். வெட்டினால் அக்குணம் திரும்பக் கிடைக்காது.